விளையாட்டுச் சாமானும் விளையாடும் பொழுதும்

(ஆரணியில் பெற்றோரும் ஆசிரியரும் கூடியிருந்த சபையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பள்ளிக்கூடம் போகும் வயதுள்ள குழந்தைகளுக்கு விளையாட்டுச் சாமான்களைப் பரிசாக வாங்கும்போது எதைக் கருத்தில் வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். இது மிகச் சிறிய விஷயம் என்று எண்ணுகிறவர்கள் இருக்கக்கூடும். ஆனால் தசரத சக்கரவர்த்தி புத்திரகாமேஷ்டி யாகம் செய்த ஸ்தலம் என்று புராணம் போற்றும் புத்திரகாமேட்டீசுவரர் கோயில் கமண்டல நாகநதிக் கரையிலே நிற்கின்ற இந்த ஊரில், பிள்ளை வரம் வேண்டி எங்கெங்கிருந்தோ தம்பதிகள் வந்து கைகூப்பி நிற்கின்ற இந்த ஆரணியில், குழந்தையைப் பற்றிய எந்த விஷயத்தையும் சிறியதென்று தள்ளிவிட நமக்கு நியாயமில்லை. வரமாய் வந்த குழந்தைக்கு உணவும் உடையும் கல்வியும் கொடுப்பதில் நம் பெற்றோர்கள் தங்கள் சக்திக்கு மீறியே பாடுபடுகிறார்கள். விளையாட்டைக் கொடுக்கும் இடத்தில் மட்டும், பிறந்தநாளைக்கு முதல்நாள் மாலையில் கடைத்தெருவுக்குப் போய், கடைக்காரர் எடுத்து நீட்டியதைக் காகிதத்தில் சுற்றி வாங்கிவந்து கடமையை முடித்துவிடுகிறோம்.

நம் முன்னோர்கள் இவ்வளவு அலட்சியமாக இருக்கவில்லை. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் ஆண்குழந்தையின் வளர்ச்சியைக் காப்புப் பருவம் முதலாகப் பத்துப் பருவங்களாக வகுத்து, அவற்றுள் இறுதி மூன்றையும் சிற்றில் சிதைப்பதும் சிறுபறை முழக்குவதும் சிறுதேர் உருட்டுவதுமாக விளையாட்டுக்கே ஒதுக்கினார்கள். குமரகுருபரர் மதுரை மீனாட்சியைக் குழந்தையாக்கிப் பாடியபோது அம்மானையிலும் நீராடலிலும் ஊசலிலுமாகவே அந்த நூலை நிறைவு செய்தார். உலகத்தையே படைத்தளிக்கும் தெய்வமானாலும் குழந்தையாய் வந்துவிட்டால் அதற்கு விளையாட்டுச் சாமான் வேண்டும் என்பது அவர்களுடைய சித்தாந்தம். காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர்கள் மூன்று சக்கரச் சிறுதேரை உருட்டி விளையாடியதைப் பட்டினப்பாலை காட்டுகிறது. வைகைக் கரையிலே கீழடியில் மண்ணைத் தோண்டியபோது, பாத்திரங்களோடும் மணிகளோடும் கூடவே, சுடுமண் வட்டுக்களும் பகடைக்காய்களும் கிடைத்தன.

குழந்தைக்குப் பரிசு கொடுப்பதைப் பற்றி நான் அறிந்தவற்றுள் மிக ஆழமான கதை வடமொழி நாடகம் ஒன்றில் வருகிறது. சூத்திரகன் இயற்றிய மிருச்சகடிகம் என்ற அந்த நாடகத்தைப் பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார் ‘மண்ணியல் சிறுதேர்’ என்று தமிழில் ஆக்கித் தந்திருக்கிறார். உஜ்ஜயினியிலே வாழ்ந்து கெட்ட சாருதத்தனுடைய சிறு பிள்ளை ரோகசேனன், பக்கத்து வீட்டுச் செல்வந்தர் பிள்ளையின் பொன்தேரை உருட்டி விளையாடுகிறான். அந்தத் தேரை அவர்கள் திரும்ப வாங்கிக்கொண்டுவிடுகிறார்கள். வீட்டுப் பணிப்பெண் ரதனிகை மண்ணால் ஒரு தேர் செய்து கொடுத்து விளையாட அழைத்தும், பொன்தேரே வேண்டுமென்று பிள்ளை அழுகிறான். அதைக் கண்டு மனம் பொறாத, சாருதத்தன்மேல் காதல் கொண்ட கணிகை வசந்தசேனை தன் உடம்பிலிருந்த ஆபரணங்களைக் கழற்றி, அந்த மண்தேர் நிறையப் போட்டு, இவற்றைக் கொண்டு பொன்தேர் செய்துகொள் என்று சொல்லி அனுப்புகிறாள். குழந்தையின் கண்ணீரைத் துடைக்கக் கழற்றிய அதே நகைகள் பின்னால், வசந்தசேனையைக் கொன்றதாக எழுந்த பொய் வழக்கில், நீதிமன்றத்திலே சாருதத்தனுக்கு விரோதமான சாட்சியாக விழுந்து, அவனைக் கொலைக்களம் வரையில் கொண்டுபோய் நிறுத்துகின்றன.

வசந்தசேனையின் தயாளத்தைப் புகழாதவர்கள் இல்லை; நானும் புகழ்கிறேன். என்றாலும், அந்தப் பிள்ளை எதற்காக அழுதான் என்று சற்று நின்று யோசிக்கவேண்டும். அவன் பொன்னின் விலையை அறியமாட்டான். நேற்றுவரையில் பக்கத்து வீட்டுத் தேரோடு விளையாடியவன் அவன். அது போனபோது, அந்த வீட்டு வாசலும் அங்கே இருந்த தோழனும் சேர்ந்தே போய்விட்டார்கள். அழுகைக்குக் காரணம் பொன் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். பொன்னை அள்ளிக் கொடுத்தார்கள். எதிர்வீட்டுப் பையன் வைத்திருக்கும் ரிமோட் கார் தனக்கும் வேண்டுமென்று உங்கள் பிள்ளை அழும்போதும் பெரும்பாலும் இந்தக் கதைதான் நடக்கிறது. அதே காரை வாங்கிக் கொடுத்தால் இரண்டு வீட்டிலும் இரண்டு கார்கள் தனித்தனியே ஓடும். இருவர் இல்லாமல் ஆடமுடியாத ஒரு சாமானை வாங்கிக் கொடுத்தால் எதிர்வீட்டுப் பையன் உங்கள் திண்ணைக்கு வந்து உட்காருவான். ஆகையால் பரிசு வாங்கப் புறப்படுகிறவர்கள் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, இந்தச் சாமான் வீட்டுக்கு வந்தால் குழந்தையோடு கூட யார் விளையாடுவார்கள் என்பதே என்று நான் கருதுகிறேன்.

இனி, வேறெந்த ஊரில் பேசினாலும் நான் தொடாமல் போயிருக்கக்கூடிய ஒரு விஷயத்தை, ஆரணியில் பேசுவதால் தொட்டே ஆகவேண்டும். பட்டுச்சேலைக்கு உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாகக் கோர்வை போட்டு நெய்யும்போது, தறியில் உட்கார்ந்திருக்கிற நெசவாளி ஒருவராலேயே இரு புறத்து நாடாக்களையும் தள்ளி வாங்குவது கடினம். பக்கத்தில் துணைக்கு ஓர் ஆள் வேண்டும். அந்தத் துணை ஆள், நம் பட்டு நெசவு ஊர்களில் நெடுங்காலம், ஒரு குழந்தையாகவே இருந்தது. தார் சுற்றியதும், இழை அறுந்தால் பிணைத்ததும், கரைக்கு நாடா தள்ளியதும் அந்தப் பிஞ்சு விரல்களே. அறுபது வயதைக் கடந்து இங்கே அமர்ந்திருக்கிறவர்களில் அப்படித் தறியடியில் பால்யத்தைக் கழித்தவர்கள் இருப்பீர்கள். நான் விவரிக்க வேண்டியதில்லை. வறுமையின் காரணமாகத் தறி முதலாளியிடம் பெற்றோர் முன்பணம் வாங்கினார்கள்; முன்பணம் தீரும்வரையில் பிள்ளை தறியை விட்டு எழுந்திருக்க முடியாது; தீருவதற்குள் மறுபடியும் முன்பணம் வாங்கவேண்டியதாயிற்று. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் தடை, ஒழுங்குமுறைச் சட்டம் வந்த பிறகும் இந்தக் கொடுமை ஓய்ந்துவிடவில்லை. காஞ்சிபுரம் முதலிய பட்டு நகரங்களில் முன்பணத்துக்குக் கட்டுண்ட குழந்தைகளைப் பற்றி மனித உரிமைக் கண்காணிப்பகம் 2003-இல்கூட விரிவான அறிக்கை ஒன்றை வெளியிட நேர்ந்தது. ஆசிரியர்களும் அதிகாரிகளும் தொண்டர்களும், எல்லாருக்கும் மேலாகப் பெற்றோர்களும் பாடுபட்டதனால், இன்றைக்கு உங்கள் பிள்ளைகள் காலையில் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். இதைவிடப் பெரிய மாறுதல் இந்த ஊரின் சரித்திரத்திலே, 1751-இல் கிளைவ் இங்கே நடத்திய யுத்தம் உள்பட, வேறொன்றும் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

ஐக்கிய நாடுகள் சபை 1989-இல் நிறைவேற்றிய குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31-ஆவது பிரிவு, ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்று கூறுகிறது. நம் நாடு 1992-இல் அதை ஏற்றுக்கொண்டது. தறியிலிருந்து எழுந்த குழந்தைக்குப் பள்ளிக்கூடத்தைக் கொடுத்தோம், மிகவும் சரி. ஆனால் பள்ளிக்கூடம் விட்டவுடன் டியூஷன், டியூஷன் முடிந்தவுடன் வீட்டுப்பாடம், ஞாயிற்றுக்கிழமையில் இன்னொரு வகுப்பு என்று அந்தப் பொழுதையெல்லாம் நாமே மறுபடியும் எடுத்துக்கொண்டுவிட்டால், பிறந்தநாளில் கொடுக்கும் பெட்டி நிறைந்த சாமான்களை அந்தக் குழந்தை எந்த நேரத்தில் திறக்கும்? பொழுதைக் கொடுக்காமல் பொருளை மட்டும் கொடுப்பது பரிசாகாது. பண்டிகைக்கு எத்தனை ரூபாய்க்குச் சாமான் வாங்கலாம் என்று கணக்குப் பார்க்கிறவர்கள், அதை வைத்து விளையாடத் தினம் ஒரு மணி நேரத்தை எங்கிருந்து மிச்சம் பிடிப்பது என்ற கணக்கையும் சேர்த்துப் பார்க்கும்படி மிகுந்த விநயத்தோடு கேட்டுக்கொள்கிறேன்.

முன்பணத்தைப் பற்றிச் சொன்னேன். அதன் சாயல் இன்னும் நம் வீடுகளில் வேறு வேஷத்தில் இருக்கிறது. கணக்கிலே நூற்றுக்கு நூறு வாங்கினால் சைக்கிள், வகுப்பில் முதலாவதாக வந்தால் வீடியோ கேம் என்று நாம் பேரம் பேசுகிறோமே, அதைத்தான் குறிப்பிடுகிறேன். பேசிய மதிப்பெண் வந்து சைக்கிளும் வந்தால், அது கூலி. மதிப்பெண் வராமல் சைக்கிளும் வராமல் போனால், படிப்பின் மேலும் பெற்றோர் மேலும் ஒருங்கே கசப்பு. முன்பணம் என்னென்ன செய்யும் என்பதைப் பரம்பரையாக அனுபவித்து அறிந்த சமூகம் தன் பிள்ளைகளோடு இந்த வியாபாரத்தைச் செய்யலாகாது. பரிசு என்றால் காரணம் கேட்காமல் கொடுப்பது. பிள்ளை தோற்ற வருஷத்தில் அந்தப் பிள்ளைக்கு ஒரு பந்து அதிகமாகவே தேவைப்படும்.

சரி, எந்தச் சாமானை வாங்குவது என்ற கேள்விக்கு வருகிறேன். வேலைக்கும் விளையாட்டுக்கும் உள்ள வேறுபாடு என்னவென்று கேட்டால், நான் சொல்லும் விடை இது: விளையாட்டைத் தொடங்குவதும் நிறுத்துவதும் குழந்தையின் இஷ்டம். இந்த ஓர் உரைகல்லைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குள் நுழைந்தால் பாதிச் சாமான்கள் தாமாகவே விலகிவிடும். பொத்தானை அழுத்தியவுடன் தானே பாடித் தானே ஆடித் தானே விளக்கெரிக்கும் பொம்மையின் முன்னால் குழந்தை வேடிக்கை பார்க்கிறது. விளையாடுவது அந்தப் பொம்மை. பேட்டரி தீர்ந்தால் அதுவும் தீர்ந்தது. பம்பரமோ, சாட்டையைச் சுற்றி வீசப் பழகாத கைக்கு ஒரு சுற்றுக்கூடச் சுற்றாது. பழகிய கைக்கு உள்ளங்கையில் ஏறி நின்று சுழலும். குழந்தை செய்யவேண்டியது மிகுதியாக மிஞ்சியிருக்கும் சாமானே நல்ல சாமான்.

மேல்நாட்டுக் கல்வி மேதைகளும் இந்த முடிவுக்கே வந்தார்கள். 1840-இல் ஜெர்மனியில் முதல் கிண்டர்கார்டனை நிறுவிய ஃப்ரோபெல், குழந்தைகளுக்கென்று தாம் வகுத்த பரிசுகளுள் முதலாவதாக வைத்தது ஆறு நிறங்களில் கம்பளி நூலால் ஆன ஆறு பந்துகள். நூல் பந்து! சாயம் தோய்ந்த நூல் கழிவாய் மூலையில் கிடக்கும் இந்த ஊரில் அந்தப் பரிசைச் செய்துகொடுக்க ஓர் அரைமணி நேரம் போதும். மாண்டிசோரி அம்மையார் 1907-இல் ரோமாபுரியின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பொன்றில் தம் முதல் குழந்தை இல்லத்தைத் திறந்தபோது, விலையுயர்ந்த பொம்மைகளை ஒதுக்கிவிட்டுக் கட்டைகளையும் உருளைகளையும் பொருத்திப் பார்ப்பதிலேயே குழந்தைகள் மணிக்கணக்காக ஈடுபட்டிருந்ததைக் கண்டு ஆச்சரியப்பட்டார். அந்த அம்மையார் 1939-இல் சென்னை அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து, யுத்த காலம் முழுவதும் நம் தேசத்திலேயே தங்கி, நம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தவர் என்பதை இங்கே நன்றியோடு நினைவுகூரலாம். நம் காலத்தில் அர்விந்த் குப்தா என்ற பொறியியல் அறிஞர், தீக்குச்சியையும் சைக்கிள் வால்வுக்குழாயையும் கொண்டு கணித வடிவங்களைச் செய்யக் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுத்து, எறிந்துவிடும் பொருள்களிலிருந்தே நூற்றுக்கணக்கான விளையாட்டுச் சாமான்களை ஆக்கிக் காட்டினார். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது.

இவ்வளவையும் சொல்லும்போது, குழந்தைக்கு ஒரு சிறு விளையாட்டுத் தறியையே பரிசாகக் கொடுக்கலாமா என்ற கேள்வி இந்தச் சபையில் எழுவது இயல்பு. அட்டையின் இரு ஓரங்களிலும் வெட்டுப்போட்டுப் பாவு இழுத்துக் கட்டி, ஊசியால் ஊடை கோத்து நெய்யும் கைத்தறியைப் பல தேசங்களில் குழந்தைகளுக்கு விளையாட்டாகவே கொடுக்கிறார்கள். இங்கே கொடுக்கலாமா? கொடுக்கலாம் என்பேன், ஒரே ஒரு நிபந்தனையோடு: பாதி நெய்த துணியை அப்படியே போட்டுவிட்டு எழுந்து ஓட அந்தக் குழந்தைக்குப் பூரண சுதந்திரம் இருக்கவேண்டும். அந்தச் சுதந்திரம் இருக்குமானால், தாத்தா பாட்டியின் கைகளில் இருக்கும் வித்தை என்னவென்று பேரக்குழந்தை சந்தோஷத்தோடு தெரிந்துகொள்ளும்.

வயதைப் பற்றிச் சில வார்த்தைகள். ஆறு ஏழு வயதில் குழந்தை இன்னும் பாவனை உலகத்திலேயே இருக்கிறது. சொப்பும் மரப்பாச்சியும் கட்டைகளும் களிமண்ணும் அதற்கு உகந்தவை. எட்டு ஒன்பது வயதில் விதிகளின் மேல் ஒரு பெருமோகம் பிறக்கிறது. ஸ்விட்ஸர்லாந்து தேசத்து ஜான் பியாஜே என்ற உளநூல் அறிஞர், சிறுவர்கள் கோலி விளையாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து, இந்த விதியை யார் செய்தது, இதை மாற்றலாமா என்றெல்லாம் கேட்டு, அவர்கள் சொன்ன விடைகளைக் கொண்டு 1932-இல் ஒரு நூலே எழுதினார். சின்னஞ்சிறுவர்கள் விதி பெரியவர்களிடமிருந்து வந்தது, மாற்றவே கூடாது என்றார்கள். பத்துப் பன்னிரண்டு வயதானவர்களோ, எல்லாரும் சம்மதித்தால் மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். பிறர் சம்மதத்தோடு ஒரு விதியைச் செய்து, தனக்கு நஷ்டம் வரும்போதும் அதற்குக் கட்டுப்படுவது பிரஜைக்குரிய தர்மம் அல்லவா? அதை நம் பிள்ளைகள் தெருப் புழுதியில் கோலிக்குண்டை வைத்துக்கொண்டு, ஒரு பெரியவரும் சொல்லித்தராமல், சண்டை போட்டுச் சமாதானமாகித் தாமே கற்றுக்கொள்கிறார்கள். ஒரு பை கோலிக்குண்டு என்ன விலை விற்கிறது என்று இன்று போகும்போது விசாரித்துப் பாருங்கள்.

எட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நான் மிகவும் விரும்பிச் சிபாரிசு செய்வது பலகை விளையாட்டுக்கள். பதினான்கு குழியுள்ள பல்லாங்குழியில் புளியங்கொட்டையை எடுத்து இட்டு வரும் சிறுமி, எந்தக் குழியில் தொடங்கினால் எங்கே முடியும் என்று கண்ணாலேயே கூட்டிக் கணக்கிட்டுவிடுகிறாள். ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலிகளைத் தாத்தா வைத்துக்கொண்டு பதினைந்து ஆடுகளைப் பேத்தியிடம் கொடுத்தால், கொஞ்ச நாளில் அவருடைய புலிகள் நகர இடமின்றி நிற்பதைக் காணலாம். வயதும் பலமும் வேறுபட்டவர்கள் சமமாக உட்கார்ந்து ஆடுவதற்கு அதைப்போல் இன்னொன்று அபூர்வம். வைகுண்ட ஏகாதசி இரவில் மட்டும் வெளியே வரும் பரமபத படத்தை மற்ற இரவுகளிலும் விரித்தால் ஒரு தோஷமும் இல்லை. சதுரங்கத்தைப் பற்றி நான் புகழ வேண்டியதில்லை. 2022-இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்ததையும், 2024-இல் பதினெட்டு வயதுக் குகேஷ் உலக சாம்பியன் ஆனதையும் உங்கள் பிள்ளைகளே உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். கேரம் பலகைதான் சாமானிய குடும்பத்தின் மகத்தான செல்வம். நான்கு பேர் சுற்றி உட்காரலாம், வெயிலுக்கும் மழைக்கும் பயமில்லை, வருஷக்கணக்காக உழைக்கும். இருமுறை உலக சாம்பியனான மரிய இருதயமும், 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமாவும் நம் சென்னையில் ஆடி வளர்ந்தவர்கள்.

காசிமாவின் பெயரைச் சொன்னதும் இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. ஆண்பிள்ளைக்குக் கிரிக்கெட் மட்டை, பெண்பிள்ளைக்குச் சமையல் சொப்பு என்று நாம் பிரித்துவிடுகிறோம். சொப்பில் தவறில்லை, அதை ஆண்பிள்ளையும் ஆடட்டும். மட்டையையும் பந்தையும் பெண்பிள்ளைக்கு மறுப்பதுதான் பெருந்தவறு. அஞ்சாங்கல்லில் ஒரு கல்லை மேலே வீசிக் கண்ணிமைப்பதற்குள் நான்கைக் கூட்டியள்ளி, வீசியதையும் பிடிக்கும் கைக்குப் பந்தைப் பிடிக்கத் தெரியாதா?

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதினான்கு வயதுக்குட்பட்டவர்களுக்கான விளையாட்டுச் சாமான்களில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கவேண்டும் என்பது 2021 ஜனவரி முதல் தேதியிலிருந்து நம் நாட்டில் கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்யும் சாமான்களுக்கும், புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை, சன்னபட்டணத்து மரச்சாமான் முதலியவற்றுக்கும் விலக்கு உண்டு. பட்டன்போன்ற சிறு பேட்டரியும் சிறு காந்த உருண்டைகளும் உள்ள சாமான்கள், கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்குள் வரவே கூடாது. அந்தப் பேட்டரியை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடக்கூடும். ஆகவே, விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். கைப்பேசியைப் பரிசாகக் கொடுப்பதைப் பற்றிக் கேட்பீர்கள். விளையாட்டை நிறுத்துவது குழந்தையின் இஷ்டமாக இருக்கவேண்டும் என்றேன். நிறுத்த மனம் வராதபடி பார்த்துப் பார்த்துச் செய்யப்பட்ட ஆட்டங்கள் அதில் இருக்கின்றன. அதற்கு மேல் நான் விரித்துரைக்க அவசியமில்லை.

முடிப்பதற்கு முன்னால் இங்கே வந்திருக்கும் தலைமையாசிரியர்களிடம் ஒரு விண்ணப்பம். விளையாட்டு விழாக்களில் ஓட்டத்தில் முதலாவதாக வந்த பிள்ளைக்கு எவர்சில்வர் தட்டும், இரண்டாவதாக வந்த பிள்ளைக்குப் பிளாஸ்டிக் டப்பாவும் கொடுக்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அந்தத் தட்டு நேரே அடுக்களைக்குப் போய்விடுகிறது. அடுத்த விழாவுக்கு அதே தொகையில் பந்தும் ஸ்கிப்பிங் கயிறும் சதுரங்கப் பலகையும் வாங்குங்கள். ஊரிலுள்ள பட்டு வியாபாரிகள் மனமுவந்து உதவினால், ஒவ்வொரு தொடக்கப் பள்ளியிலும் இரண்டு கேரம் பலகை, நான்கு சதுரங்கம், பல்லாங்குழி, பந்துகள், பம்பரங்கள் கொண்ட ஓர் அலமாரியை வைத்துவிடலாம்; அது பெருஞ்செலவன்று. அந்த அலமாரியின் சாவி தலைமையாசிரியர் அறை ஆணியில் தொங்கினால், ஆய்வுக்கு அதிகாரி வரும் நாளைக்கு மட்டுமே அது திறக்கப்படும். தயவுசெய்து அந்தச் சாவியை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். வாரத்துக்கு ஒருவராக அவர்களே பொறுப்பேற்று, எடுத்துக் கொடுத்து, எண்ணி வாங்கி வைக்கட்டும். காய் ஒன்றிரண்டு காணாமற்போனால், அந்த இடத்தில் ஒரு புளியங்கொட்டையை வைத்து ஆட அவர்களுக்குத் தெரியும்.